போன் பில்லின் வரலாறு: கனடாவில் டேட்டா ஏன் இவ்வளவு விலை?

கடந்த செப்டெம்பரில் என் சித்தியின் மகன் படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வந்தான். பியர்சன் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே முதல் கேள்வி வந்துவிட்டது. "அண்ணா, இங்க டேட்டா என்ன விலை?"

அடுத்த நாள் அவனை ஸ்காபரோவில் ஒரு மோலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரே நடைபாதையில் ஆறேழு போன் கடைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு பெயர். விலை மட்டும் ஏறக்குறைய ஒன்று. அவன் மனதுக்குள் டொலரை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "ஊரில இந்தக் காசுக்கு எத்தனை மாசம் பாவிக்கலாம் தெரியுமோ? இங்க ஏன் அண்ணா இப்பிடி?"

"கனடா பெரிய நாடு, சனம் குறைவு. டவர் போடச் செலவு கூட" என்று சொன்னேன். சொல்லி முடித்த உடனேயே எனக்கு உறுத்தியது. இது நான் படித்துத் தெரிந்துகொண்ட பதில் இல்லை. எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, ஒரு போன் கடையில் விற்பனையாளர் அப்பாவுக்குச் சொன்ன பதில். அப்பா அதை எனக்குச் சொன்னார். நான் எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்து, பத்து வருடத்துக்கு மேல் ஐ.ரி.யில் வேலை செய்துவிட்டு, அதையே ஒரு பொடியனுக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

அன்றிரவு உட்கார்ந்து பழைய கதையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களில் பலர் இந்த வருடம்தான் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் போன் பிளான் எடுக்கப் போகிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

போன் கார்ட் காலம்

எங்கள் வீடுகளில் தொலைபேசி என்றால் முதலில் நினைவுக்கு வருவது செல்போன் இல்லை, போன் கார்ட். தமிழ்க் கடையில் காசு கட்டும் இடத்துக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும். அம்மா அரிசியோடும் மீனோடும் ஒன்று வாங்குவார். நாணயத்தால் சுரண்டினால் இலக்கம் வரும். அதை அழுத்தி, பிறகு ஊர் இலக்கத்தை அழுத்த வேண்டும். ஊரில் வீட்டுக்கு வீடு போன் இல்லாத போர்க்காலம் அது. அம்மம்மா கொழும்புக்கு வந்து யாரோ ஒருவர் வீட்டில் காத்திருப்பார். கார்ட்டில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அது ஒருநாளும் முழுதாகக் கிடைத்ததில்லை. பாதிக் கதையில் கட் ஆகும்.

அந்தக் கார்ட் எங்கிருந்து வந்தது? கனடாவில் ஒரு காலத்தில் தூர அழைப்புக்கு வேறு வழியே இருக்கவில்லை. ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் அந்தச் சேவை பெல் கனடாவின் கையில் இருந்தது. 1992இல் தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்தும் சி.ஆர்.ரி.சி. ஆணையம், மற்றக் கம்பனிகளும் தூர அழைப்பை விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் கடல் கடந்த அழைப்பு அப்போதும் ரெலிகுளோப் என்ற ஒரே கம்பனியின் உரிமையாக இருந்தது. அந்தத் தனியுரிமை 1998 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு இலங்கை அழைப்பின் விலை வேகமாக விழுந்தது.

கடலுக்கடியில் ஓடும் கம்பி 1998இல் திடீரென்று மலிந்துவிடவில்லை. யார் விற்கலாம் என்ற சட்டம்தான் மாறியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கதையிலும் இதேதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இரண்டு மேயர்கள், இரண்டு கம்பனிகள்

கனடாவின் முதல் செல்போன் அழைப்பு 1985 ஜூலை 1ஆம் திகதி நடந்தது. ரொறன்ரோ மேயர் ஆர்ட் எகில்ற்றன், மொன்றியல் மேயர் ஜோன் டிராப்போவுடன் கதைத்தார். அப்போது ஒவ்வொரு பகுதியிலும் இரண்டே இரண்டு சேவைகள். ஒன்று நாடு முழுவதற்கும் உரிமம் பெற்ற கான்ரெல். இதுதான் பின்னர் ரோஜர்ஸ் ஆனது. மற்றது அந்தந்த ஊரின் பழைய தொலைபேசிக் கம்பனி. எங்கள் பக்கத்தில் பெல்.

ஏன் இரண்டு மட்டும்? இங்கே கொஞ்சம் எஞ்சினியரிங் தேவை. செல்போன் வானொலி அலையில் ஓடுகிறது. ஒரே இடத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் கதைத்தால் இருவருக்கும் விளங்காது. அதனால் அலைவரிசைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, யாருக்கு எந்தத் துண்டு என்று அரசாங்கம் உரிமம் கொடுக்கிறது. இதைத்தான் அலைக்கற்றை என்கிறோம். அது பொதுச் சொத்து. டவரை யார் வேண்டுமானாலும் கட்டலாம், காசு இருந்தால் போதும். அலைக்கற்றை இல்லாவிட்டால் அந்த டவர் வெறும் இரும்பு. ஆகவே எத்தனை கம்பனிகள் இருக்கலாம் என்பது முதலில் அரசாங்கம் எடுக்கும் முடிவு.

1995 கடைசியில் அரசாங்கம் புதிய அலைக்கற்றையைப் பங்கிட்டபோது இரண்டு புதியவர்களுக்கும் கொடுத்தது: மைக்ரோசெல், கிளியர்நெற். மைக்ரோசெல் 1996இல் மொன்றியலில் ஃபைடோ என்ற பெயரில் கடை திறந்தது. ஒப்பந்தம் இல்லை. நிமிடத்துக்கு அல்ல, செக்கனுக்குக் கணக்கு. 2003இல் வன்கூவரில் ஒரு படி மேலே போய், மாதம் ஒரே தொகை, நகரத்துக்குள் எவ்வளவும் கதைக்கலாம் என்றது. வீட்டுப் போனை வெட்டிவிட்டு இதற்கு மாறுங்கள் என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

பிறகு என்ன நடந்தது? கிளியர்நெற்றை 2000இல் டெலஸ் 6.6 பில்லியன் டொலருக்கு வாங்கியது. மைக்ரோசெல்லை 2004இல் ரோஜர்ஸ் 1.4 பில்லியனுக்கு வாங்கியது. நான்காக இருந்தது மூன்றாகியது. ஃபைடோ என்ற பெயர் மட்டும் கடை வாசலில் மிச்சம்.

மூன்று வருடக் கையெழுத்து

எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்தது இந்த மூன்று கம்பனிக் காலத்தில்தான். அப்பா மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போன் இலவசம் என்றார்கள். மாதாமாதம் பில்லில் ஏழு டொலர் அளவில் ஒரு 'சிஸ்டம் அக்செஸ்' கட்டணம் வரும். அது அரசாங்கத்துக்குப் போகிற காசு என்று அப்பா பல வருடம் நம்பினார். அப்படி நம்பியவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். அது கம்பனிகளே எடுத்துக்கொண்ட கட்டணம். அதை எதிர்த்து 2004இல் சஸ்கற்சுவானில் பெரிய கூட்டு வழக்கே தொடங்கியது.

2008 கோடையில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, ஐபோன். 2008 ஜூலை 11இல் அது கனடாவுக்கு வந்தது. அப்போது நாடு முழுவதும் ஜி.எஸ்.எம். தொழில்நுட்பத்தில் சேவை கொடுத்த ஒரே கம்பனி ரோஜர்ஸ்தான், ஏனென்றால் மற்றது ஃபைடோ. அதை 2004இலேயே வாங்கியாயிற்று. ஐபோன் வேண்டுமென்றால் வேறு கடை இல்லை. முதலில் அறிவித்த மலிவான பிளான் மாதம் 60 டொலர்: 150 நிமிடம், 400 எம்.பி. டேட்டா, மூன்று வருடம். ஆட்கள் கொதித்துப் போனார்கள். பல்லாயிரம் பேர் இணையத்தில் மனுவில் கையெழுத்திட்டார்கள். போன் விற்பனைக்கு வருவதற்கு இரண்டு நாளுக்கு முன் கம்பனி இறங்கி வந்தது. எந்தக் குரல் பிளானோடும் 30 டொலர் சேர்த்தால் 6 ஜீபி டேட்டா, கொஞ்சக் காலத்துக்கு மட்டும் என்றது.

இதை ஒரு எஞ்சினியராக யோசித்துப் பாருங்கள். முதல் அறிவிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையில் இரண்டு கிழமைகூட இல்லை. அந்த இடைவெளியில் யாரும் புதிய டவர் கட்டவில்லை. கனடாவும் சிறுத்துவிடவில்லை. 400 எம்.பி. கொடுத்த அதே டவர் 6 ஜீபி, அதாவது பதினைந்து மடங்கு, கொடுத்தது. 400 எம்.பி. என்பது டவரின் எல்லை இல்லை. எவ்வளவுக்கு மக்கள் பேசாமல் காசு கட்டுவார்கள் என்ற கணக்கு.

இரண்டாவது விஷயம் உங்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். அதே கோடையில் இரண்டு பெரிய கம்பனிகள், ரெக்ஸ்ட் பிளான் இல்லாதவர்களிடம் வருகிற ரெக்ஸ்டுக்கும் 15 சதம் எடுக்கத் தொடங்கின. அனுப்புவதற்கு மட்டும் இல்லை, வாங்குவதற்கும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அடுத்தது 2009. வன்னியில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த மாதங்கள். நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். எங்களிடம் டேட்டா பிளான் இல்லை. எந்த மாணவனிடமும் பெரும்பாலும் இல்லை. செய்தி வந்தது ரெக்ஸ்டில்தான். யூனிவெர்சிற்றி அவனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் எத்தனை மணிக்கு, யாருடைய காரில் இடம் இருக்கு, எந்த ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தது. ஒருவன் அனுப்ப, பத்துப் பேர் அடுத்த பத்துப் பேருக்கு அனுப்புவோம். மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். கார்டினர் நெடுஞ்சாலையில் சனம் ஏறிவிட்டது என்ற செய்தி எனக்கு ஒரே நேரத்தில் நான்கு பேரிடமிருந்து வந்தது. நான்கு தரம் 15 சதம்.

அந்த மாத பில்லில் ரெக்ஸ்டுக்கு மட்டும் 60 டொலருக்கு மேல். அப்பா பகலில் தொழிற்சாலை, இரவில் துப்புரவு வேலை. ஏச்சு விழும் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் பில்லை ஒருமுறை பார்த்தார், மடித்து மேசை லாச்சியில் வைத்தார். "ஊரில என்ன நிலைமையாம்?" என்று மட்டும் கேட்டார். அந்த பில் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

நான்காவது கடை

2008 மே மாதம் அரசாங்கம் மீண்டும் அலைக்கற்றையை ஏலம் விட்டது. இந்த முறை ஒரு பகுதியைப் புதியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தது. ஏலத்தில் மொத்தம் 4.25 பில்லியன் டொலர் சேர்ந்தது. குளோபலைவ் என்ற புதிய கம்பனி 442 மில்லியன் கட்டி உரிமம் எடுத்தது. அவர்களின் பெரும்பகுதிக் காசு எகிப்தின் ஒராஸ்கொம் கம்பனியிலிருந்து வந்தது. 2009 ஒக்டோபரில் சி.ஆர்.ரி.சி., நீங்கள் கனடியக் கட்டுப்பாட்டில் இல்லை, சேவை தொடங்க முடியாது என்றது. டிசெம்பர் 11இல் அமைச்சரவை அந்த முடிவைப் புரட்டியது. ஐந்து நாள் கழித்து, டிசெம்பர் 16இல், விண்ட் மொபைல் ரொறன்ரோவில் கடை திறந்தது.

ஒப்பந்தம் இல்லை, 'சிஸ்டம் அக்செஸ்' கட்டணம் இல்லை. அடுத்த வருடம் மொபிலிசிற்றி, பப்ளிக் மொபைல் இரண்டும் வந்தன. பழைய மூன்று கம்பனிகளும் மலிவுப் பெயர்களில் புதிய பிளான்களை இறக்கின. சிக்னல் நிலத்தடி மாடியில் வராது, ஊருக்கு வெளியே போனால் விழும் என்ற குறைகள் இருந்தன. ஆனாலும் எங்கள் வகுப்பில் பாதித் தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் புதிய கம்பனிகளுக்கு மாறினார்கள். 2007 மார்ச்சிலிருந்து இலக்கத்தை மாற்றாமல் கம்பனி மாறலாம் என்ற விதி இருந்ததால் அது சுலபமாக நடந்தது.

இந்தக் கதையின் முடிவும் பழையதுதான். பப்ளிக் மொபைலை 2013இல் டெலஸ் வாங்கியது. மொபிலிசிற்றியை 2015இல் ரோஜர்ஸ் வாங்கியது. விண்ட் 2016இல் ஷோ கம்பனிக்கு 1.6 பில்லியனுக்குப் போய் ஃப்ரீடம் ஆனது. 2023இல் ரோஜர்ஸ் ஷோவையே வாங்கியபோது, ஃப்ரீடத்தை மட்டும் கியூபெக்கின் விடியோற்றோனுக்கு 2.85 பில்லியனுக்கு விற்க வேண்டும் என்று ஆயிற்று. அப்படி நான்காவது கடை தப்பிப் பிழைத்தது.

"பெரிய நாடு" என்ற பதில்

இனி அப்பாவுக்குச் சொல்லப்பட்ட பதிலுக்கு வருவோம். கனடா பெரிய நாடு, உண்மை. ஆனால் 2016 குடிசன மதிப்பின்படி, மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள் வாழ்கிறார்கள். டவர்களும் மக்கள் இருக்கும் இடத்தில்தான் நிற்கின்றன.

இதைவிட நல்ல சோதனை சஸ்கற்சுவான். பரந்த வெளி, கொடும் குளிர், சனம் மிகக் குறைவு. "பெரிய நாடு" பதில் சரி என்றால் அங்கேதான் விலை உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் பல வருடங்களாக அங்கே விலை ஒன்ராறியோவைவிடக் குறைவு. காரணம் சஸ்க்டெல், மாகாண அரசுக்குச் சொந்தமான கம்பனி. மூன்று பெரியவர்களும் அங்கே நான்காவதோடு போட்டி போட வேண்டும். பக்கத்து மனிற்றோபாவிலும் எம்.ரி.எஸ். என்ற உள்ளூர்க் கம்பனி இருந்தவரை விலை குறைவாகவே இருந்தது. 2017இல் பெல் அதை வாங்கியபோது போட்டிப் பணியகமே இதைச் சொன்னது: மனிற்றோபாவில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் எம்.ரி.எஸ். கொடுத்த போட்டி.

தம்பியின் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. இலங்கையில் 1989இலேயே செல்போன் வந்துவிட்டது. 1995இல் டயலொக் வந்தபோது அது அந்தச் சின்னத் தீவின் நான்காவது கம்பனி. போர் காரணமாக வடக்குக்கு அது பிந்தித்தான் வந்தது. ஆனால் வந்தபோது போட்டியோடு வந்தது.

பில்லை மாற்றிய விதிகள்

மூன்று வருட ஒப்பந்தம் தானாகச் சாகவில்லை. மக்கள் முறைப்பாடு எழுதினார்கள், விசாரணைகளில் பேசினார்கள். 2013 டிசெம்பர் 2ஆம் திகதி சி.ஆர்.ரி.சி.யின் வயர்லெஸ் விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு தண்டம் இல்லாமல் வெளியேறலாம். நீங்கள் சம்மதிக்காமல் டேட்டா மிகைக் கட்டணம் மாதம் 50 டொலரையும், ரோமிங் கட்டணம் 100 டொலரையும் தாண்டக்கூடாது. 2017 டிசெம்பர் 1இலிருந்து போனை அன்லொக் பண்ணக் காசு வாங்க முடியாது. புதிய போன் அன்லொக்காகவே விற்க வேண்டும்.

இந்த விதிகள் எல்லாம் இன்று உங்கள் கையில் இருக்கும் உரிமைகள். ஆனால் கடையில் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்கு என்ன எடுத்தோம்

அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனோம். இந்த முறை நான் வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

முதலில் பெயர்களைச் சுருக்கினோம். ஃபைடோவும் சாட்டரும் ரோஜர்ஸின் பிள்ளைகள். வேர்ஜினும் லக்கியும் பெல்லின் பிள்ளைகள். கூடோவும் பப்ளிக் மொபைலும் டெலஸின் பிள்ளைகள். தாயின் டவர்தான் பிள்ளைக்கும். அதனால் தாயின் கடையில் விலையைப் பார்த்தால், அதே தெருவில் பிள்ளையின் கடையிலும் பாருங்கள். ஃப்ரீடம் தனி. அதன் சொந்த டவர்கள் பெரிய நகரங்களைச் சுற்றித்தான் அதிகம். நீங்கள் எங்கே படிக்கிறீர்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது பொருந்தும் அல்லது பொருந்தாது.

பிறகு போனையும் பிளானையும் பிரித்தோம். தம்பி ஊரிலிருந்து கொண்டுவந்த போனே போதும். "போன் இலவசம்" என்றால் அதன் விலை இரண்டு வருடத்துக்கு மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வந்தவனுக்குக் கனடாவில் கடன் வரலாறும் இல்லை. ப்ரீபெய்டுக்கு அது தேவையில்லை.

மூன்றாவது, எவ்வளவு டேட்டா தேவை என்று கணக்குப் பார்த்தோம். வீட்டிலும் வளாகத்திலும் வைஃபை. மிச்சம் பஸ்ஸிலும் சப்வேயிலும்தான். கடைக்காரர் காட்டிய 100 ஜீபி அவனுக்கு வேண்டாம். சித்தியோடு கதைப்பது வட்ஸ்அப்பில், அதனால் வெளிநாட்டு அழைப்பு அட்-ஒன்னும் வேண்டாம் என்று வெட்டினோம். கடைசியில் மாதம் 35 டொலருக்குள் ஒரு ப்ரீபெய்ட் பிளான் எடுத்தான். முதல் நாள் பார்த்ததில் பாதி விலை.

நீங்கள் ஏற்கெனவே ஒரு பிளானில் இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். மாறும்போது பழைய இணைப்பை நீங்களாக முதலில் வெட்டாதீர்கள், இலக்கம் போய்விடும். புதிய கம்பனியே இலக்கத்தை எடுத்து, பழையதை மூடும். பில்லில் பிழை இருந்து, கம்பனி காது கொடுக்கவில்லை என்றால், 2007இலிருந்து தொலைத்தொடர்பு முறைப்பாட்டு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. முறைப்பாடு செய்யக் காசு இல்லை.

கடைசியாக, இந்தக் கிழமை வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா அம்மாவின் போன் பில்லை வாங்கி, ஒவ்வொரு வரியாக வாசித்துப் பாருங்கள். நான் இதை எழுதும்போது அப்பாவின் பில்லைப் பார்த்தேன். எட்டு வருடப் பழைய பிளான், 3 ஜீபி, மாதம் 70 டொலர். "நல்ல கம்பனி, ஒருநாளும் பிரச்சினை தந்ததில்லை" என்றார். உண்மைதான், அவர்களுக்கு அப்பாவாலும் ஒருநாளும் பிரச்சினை இருந்ததில்லை. வருகிற சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மோலுக்குப் போகிறோம். இலக்கம் அதேதான் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.